ராஜபாளையம் என்று தட்டினால்

நான் ராஜபாளையம், வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நேரத்தில் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். ஆனாலும் தாலி கட்டிய நாளிலிருந்து எங்களுக்குள் எல்லைத் தகராறுதான். மாம்பழம் எங்களுடையது, தேர் அவர்களுடையது. தமிழக அரசு முத்திரையில் இருப்பது தங்கள் ஊர்க் கோபுரம் என்பாள். "மதுரைக்காரன் வேற சொல்றானே" என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டு ராத்திரி தோசைக்கு நானே சட்னி அரைத்தேன்.

இப்போது அந்தத் தகராறு செல்போனுக்குள் குடிபோய்விட்டது. செய்தி படிக்கிற செயலி ஒன்றை இறக்கினேன். செய்தித் தளம், யூடியூப் சேனல், எதுவானாலும் அதன் ஃபீடைச் சேர்த்துவிட்டால், புதிதாக வந்ததையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து அடுக்கும். ஃபேஸ்புக் என்றால் அது பரிமாறுவதைத்தான் சாப்பிடவேண்டும், பாயசத்துக்கு அடுத்து ஊறுகாயை வைத்தாலும் கேட்க முடியாது. இங்கே இலை நம்முடையது.

தமிழர்களுக்கு இது புதுசும் இல்லை. 2004-லேயே காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கிவிட்டார். உலகத்தில் எந்த மூலையில் எந்தத் தமிழன் வலைப்பதிவில் எதை எழுதினாலும் அங்கே வந்து விழுந்தது. அடுத்த வருஷம் இதே வேலைக்குக் கூகுள் ரீடர் வந்தது. 2013 ஜூலை 1-ம் தேதி அதை இழுத்து மூடினார்கள். நான் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. துக்கம் கேட்க ஒருத்தரும் வரவில்லை.

புதுச் செயலியில் இன்னொரு வசதி. ஒரு சொல்லைக் கொடுத்துவைத்தால் அது எங்கே வந்தாலும் பிடித்துக்கொண்டு வரும். ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு அவரவர் ஊர்ப் பெயரைக் கொடுத்தோம்.

ராஜபாளையத்துக்கு நாய் வந்தது. நாய் மட்டுமே வந்தது. எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. 2005-ல் நாட்டு நாய்களுக்குத் தபால்துறை நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று எங்கள் ஊர்ப் பெயரில்தான். இருந்தாலும் காலையில் காபியோடு ஊர் நிலவரம் பார்க்கலாம் என்று திறந்தால், "ராஜபாளையம், இரண்டு வயது, வெள்ளை நிறம், மூக்கு சிவப்பு, வெளியாட்களை வாசலில் சேர்க்காது, விலை பேசிக்கொள்ளலாம்" என்று வருகிறது. எட்டிப் பார்த்த வீட்டுக்காரி, "ஏங்க, உங்க பெரியப்பாவையா விக்கிறாங்க?" என்றாள்.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சராக இருந்த குமாரசுவாமி ராஜா எங்கள் ஊர்க்காரர். குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிதறியாகப் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், அதுவும் வரவில்லை. அடிபட்டுக் கட்டுப்போட்டுக்கொள்கிறவன் எந்த ஊர்த் துணி என்று தேடமாட்டான், நாய் வாங்குகிறவன் தேடுவான்.

அவள் ஃபோல்டர் இதைவிட மோசம். முதலில் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். விறகடுப்பில் பாலைக் கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்துபோகிற வேலை. அதைப் பத்தே நிமிஷத்தில் மைக்ரோவேவில் செய்துகாட்டுகிறேன் என்று எங்கிருந்தோ ஒரு அம்மாள் டப்பாப் பாலை ஊற்றுகிறார். அந்த வீடியோவுக்குக் கீழே என் வீட்டுக்காரி தட்டியது முழுவதையும் இங்கே அச்சிட முடியாது.

அடுத்தது கோர்ட். மாவட்டத் தலைநகரம் விருதுநகர், ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆகவே சிவகாசியில் வெட்டினாலும் சாத்தூரில் திருடினாலும் தலைப்பு மட்டும் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று வந்து நிற்கும். "செய்றது ஊரெல்லாம் செய்றான், பேரு மட்டும் எங்க ஊருக்கா?" என்கிறாள். எனக்கென்னவோ இது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, எங்க ஊர் ஆண்டாளைப் பிடிப்போம் என்று ஆங்கிலத்தில் ஆண்டாள் பெயரைக் கொடுத்தாள். நிலக்கரி வந்தது. கூடவே கூட்ஸ் ரயிலும் விமானமும். மேற்கு வங்காளத்தில் துர்காபூர் பக்கத்தில் அண்டால் என்று ஓர் ஊர், சுரங்கமும் விமான நிலையமும் உள்ள இடம், ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் அதே பெயர். மார்கழி மாதம் விடிகாலையில் பக்தியோடு செல்போனைத் திறந்தவளுக்குக் துர்காபூர் பக்கத்துச் சரக்கு ரயில் தாமதம் என்று தகவல் வந்தது.

தமிழிலேயே தேடலாமே என்றால் அங்கே ஒரு சூட்சுமம். ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ஸ-வில் தொடங்கி ஒன்று. யூனிகோடில் பிற்பாடு சேர்ந்த ஶ-வில் தொடங்கி இன்னொன்று. பெரும்பாலும் திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். செயலிக்கு மட்டும் அவை இரண்டு ஊர். ஒன்றைக் கொடுத்தால் மற்றதில் எழுதிய செய்தி வராது. சிலர் 'ஸ்ரீவி' என்று சுருக்குகிறார்கள், சிலர் திருவில்லிபுத்தூர் என்று தூய்மைப்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் எத்தனை விதம் என்பதை ரயில்வேக்காரர்களிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கேட்டுக்கொள்ளவும்.

மச்சினன் வந்தான். ஐ.டி.யில் இருக்கிறான் என்பதால் டி.வி., மிக்ஸி, மாமியாரின் இன்ஹேலர் எல்லாவற்றையும் அவன்தான் பார்ப்பான். "மச்சான், வேண்டாத வார்த்தைய மியூட் பண்ணணும்" என்று 'பால்' என்ற சொல்லைப் போட்டுவிட்டுப் போனான். பால்கோவா ஒழிந்தது. கூடவே வாலிபால் போட்டி ஒழிந்தது. போபால் என்ற நகரமும் லோக்பால் சட்டமும் இந்தியாவிலிருந்து காணாமல் போயின. அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்று வள்ளுவரும் மூன்று தவணையில் வெளியேறினார். கோபால் மாமாவின் அறுபதாம் கல்யாண வீடியோ அவருடைய மகன் நடத்தும் யூடியூப் சேனலில் வந்தது. அதையும் செயலி விழுங்கிவிட்டது. "பாத்தியா?" என்று மாமா கேட்டபோது, பால் இருப்பதால் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பை எந்தச் செயலிக்குள்ளும் அடைக்க முடியவில்லை. அத்தை அங்கே தனி நிலையம் நடத்துகிறார். பலமுறை சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-ல் கட்டுப்பாடு வந்தது. அத்தை அசரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக அனுப்புகிறார். ஆண்டாள் மாலையைத் தான் சூடிப் பார்த்தபிறகுதான் பெருமாளுக்குக் கொடுத்தாள். அத்தை எதையும் சூடிப் பார்ப்பதில்லை, கூடையோடு அனுப்பிவிடுகிறார்.

மிச்சம் இருந்தது ஒரே பிரச்சினை: எந்த ஃபோல்டர் மேலே? அகர வரிசைப்படி வைத்துவிடலாம் என்று ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னேன். ஸ்ரீ கடைசிக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. 'திருவில்லிபுத்தூர்' என்று மாற்றினாள், மேலே ஏறியது. ர-கரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்ற இலக்கணப் பற்று எனக்குத் திடீரென்று வந்தது. 'இராஜபாளையம்' என்று திருத்தினேன். 'ஆண்டாள் ஊர்' என்றாள். ஆ-வுக்கு முன்னால் அ ஒன்றுதான். நல்லவேளையாக எங்கள் மலையடிவாரத்தில் அய்யனார் அருவி இருக்கிறது. போட்டேன். உச்சியில் நின்றது.

அன்றிரவு அவள் ஒன்றும் பேசவில்லை. காலையில் திறந்தால் முதல் வரியில் '108 திவ்ய தேசம்'. எண் எழுத்துக்கு முன்னால் வரும் என்று மச்சினன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

ஒன்றுக்கு முன்னால் பூஜ்யம் இருக்கிறதே என்று நானும் யோசித்து, எங்கள் ஊர் எஸ்.டி.டி. கோடு 04563-ஐ ஃபோல்டருக்குப் பெயராக வைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எங்க ஊருக்கும் அதே நம்பர்தான" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய செய்திகளையெல்லாம் அதற்குள்ளேயே நகர்த்த ஆரம்பித்தாள்.