மாட்டுக்குத் தெரிஞ்ச வாட்டம்

ஏய் மருமவனே, வீரவநல்லூர் மறுவீட்டுப் பந்தியில நீ பேசுனது என் காதுக்கும் வந்துச்சு. நூறு சதவீதச் சரிவுன்னா செங்குத்தா நிக்கும்னு சொன்னியாமே? இஞ்சினியர் சொல்லுதாருன்னு எல்லாவனும் தலையாட்டிருக்கான். சொதி உள்ள போன பிறவு எவனுக்குக் கேள்வி கேக்கத் தெம்பு இருக்கும்?

நூறு அடி தரையோட போறதுக்குள்ள நூறு அடி ஏறுனா அது நூறு சதவீதம். கோணம் 45 டிகிரி, அம்புட்டுத்தான். சரி, சரிவை ரெண்டு மடங்காக்குவோம், 90 வந்துரும்னு நெனைக்காத. 63 சொச்சத்துல நிக்கும். பத்து மடங்காக்கு, 84. நூறு மடங்காக்குனாலும் 89 அரை முழுசா வராது. பனைமரம் நிக்குத நிப்புக்கு எண்ணே கெடையாது. தரையோட போன தூரம் பூச்சியம். பூச்சியத்தால வகுக்கப் போனா வாத்தியார் கம்பைத் தேடுவாரு. பத்தாம் வகுப்புல எம் சமம் டேன் தீட்டான்னு நீ நெட்டுருப் போட்டது இதுதாம்லே. கோணமும் சரிவும் மொதல்ல சோடியா நடக்கும், பிறவு சரிவு பிச்சுக்கிட்டு ஓடிரும்.

சோடியா நடக்குத வரைக்கும் ஒரு குறுக்குவழி சொல்லுதேன். 57 அடிக்கு 1 அடி ஏறுனா 1 டிகிரி. இதை வச்சே ஊரை அளந்துரலாம். மேட்டுப்பாளையத்துலருந்து ஊட்டிக்குப் போற ரயிலு, கல்லாறு தாண்டிக் குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தைக் கடிச்சுக்கிட்டுல்லா ஏறுது? அதோட கொடுமையான ஏத்தமே 12.28 அடிக்கு 1 அடிதான். டிகிரில சொன்னா அஞ்சுகூடக் கெடையாது. உன் கண்ணுக்கு அது சுவரு மாதிரித் தெரியும். ஏறுதவன் மலைக்கது கண்ணோட கொணம்.

நீ என்ன பண்ணிருக்க? 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பாத்து மெரண்டு வீட்டை மூணு அடி உசத்துன, நல்ல காரியம். வாசல்ல ஆறே அடியில சாய்தளம் போட்டியே, அது என்னல கணக்கு? ரெண்டுக்கு ஒண்ணு. 26 டிகிரியைத் தாண்டிட்டு. பல்சக்கர ரயிலே ஏறாத மேட்டுல எங்க அக்காவச் சக்கர நாற்காலில வச்சு நீ தள்ளப் போறியாக்கும்! நாற்காலிக்கு 12-க்கு 1-னு விதி இருக்கு. மூணு அடிக்கு 36 அடி வேணும். நேரா எடம் இல்லன்னா மாஞ்சோலை ரோட்டை மாதிரி மடக்கி மடக்கிக் கொண்டு போ. மலை ரோட்டை வளைச்சுப் போட்டவன் வளைவு அழகுக்காகவா போட்டான்? ஏத்தம் அதேதான், நடையை நீட்டிட்டான், சரிவு பணிஞ்சு போச்சு.

இனி ஆத்துக்கு வா. தாமிரபரணி பொதிகையில 1700 மீட்டர் ஒசரத்துக்குப் பக்கத்துல பொறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல்ல கடலுக்குள்ள விழுது. வகுத்துப் பாத்தா 75-க்கு 1, முக்கால் டிகிரி. ஆனா இந்தச் சராசரி சரியான கள்ளப்பய. ஆறு ஒரே கோடா எறங்கல. மலைக்குள்ளயே குதிச்சு எறங்கி முக்காவாசி ஒசரத்துக்கும் மேல தொலைச்சுட்டு, பாபநாசம் தாண்டுன பிறவு பைய நடக்கு. திருநெல்வேலி கடல் மட்டத்துலருந்து 47 மீட்டர் ஒசரம். அங்கருந்து கடலுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல. ஆயிரத்துக்கு ஒண்ணு வாட்டம்கூட இல்ல. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல அந்த டிசம்பர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கிட்டு நின்னுதுல்லா? கொட்டுன மழை ஒரு பக்கம். கொட்டுனது வடியதுக்கு அந்தப் பக்கம் வாட்டம் கெடையாதுங்கது இன்னொரு பக்கம்.

இப்பக் கன்னடியன் கால்வாயைப் பாரு. இந்த ஆத்துல அணைக்கட்டு எட்டு, கோடைமேலழகியான்ல தொடங்கி ஸ்ரீவைகுண்டத்துல முடியும். அதுல ஒண்ணுலருந்துதான் இந்தக் கால்வாய் பிரியுது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடைன்னு 30 கிலோமீட்டருக்கு மேல ஆத்துக்குத் தெக்க கூடவே வருது. ஆத்தங்கரையிலயே இருக்குத ஊருக்குக் கால்வாய் எதுக்குன்னு உன்னை மாதிரி ஒரு புத்திசாலி கேட்டான். ஆறு பள்ளத்துல ஓடுது, வயலு மேட்டுல கெடக்கு, தண்ணி மேட்டுக்கு ஏறுமால கூறுகெட்டவனே?

சூட்சுமம் இதுதான். ஒரே எடத்துலருந்து ரெண்டு கோடு பொறப்படுது. கணக்குக்கு வச்சுக்கோ: ஆறு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் எறங்குது, கால்வாய் கால் மீட்டர்தான் எறங்குது. 20 கிலோமீட்டர் போனா ஆறு 20 மீட்டர் கீழ, கால்வாய் 5 மீட்டர் கீழ. நடுவுல 15 மீட்டர். அந்த இடைவெளியிலதாம்லே நஞ்சை பூராவும் கெடக்கு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உள்ள கோணம் எவ்வளவுங்க? ஒரு டிகிரியில இருபதுல ஒரு பங்குகூட இல்ல. உன் டப்பாவுல இருக்குத கோணமானியை வச்சா ரெண்டும் ஒரே கோடுன்னுதான் சொல்லும். கோணமானியை நம்பி வெட்டிருந்தா நாம பூராவும் கேப்பைக் கூழுதான் குடிச்சிருக்கணும்.

அதுக்காக வாட்டத்தை இன்னும் கொறைக்கவும் முடியாது. படுத்துட்டா வண்டல் தட்டும், ஆகாயத்தாமரை குடியேறும். கூட்டுனா கரையை அரிச்சுக்கிட்டுப் போயிரும்.

இதை வெட்டுனவன் எந்தக் காலேஜ்ல படிச்சான்? கதையில சொல்லுதது, கன்னட தேசத்துலருந்து வந்த பிராமணர் ஒருத்தருக்கு அகத்தியர் வழி சொன்னாராம்: ஒரு பசு முன்னால போகும், அது போற தடத்துல கால்வாயை வெட்டு, படுக்குத எடத்துல குளத்தை வெட்டு. நீ சிரிக்க. நான் சிரிக்க மாட்டேன். பொத்தை மேல மேயுத மாட்டை நின்னு பாத்திருக்கியா? ஒருநாளும் நேரா ஏறாது. மட்டத்தோட ஒட்டிக் குறுக்காலதான் நடக்கும், தடம் வரிவரியா விழுந்து கெடக்கும். நீ ரெண்டு லெச்சம் ரூவா கருவியை முக்காலில நிப்பாட்டி ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத் தேடுத கோடு அதேதான்.

கருவியைக் கொறை சொல்லல. போன மாசம் நீ போட்டுக் காட்டுனியே கால்வாய்ப் படம், அதைத்தான் சொல்லுதேன். குறுக்க ஒரு அங்குலத்துக்கு ஒரு கிலோமீட்டர், நெடுக்க ஒரு அங்குலத்துக்கு ஒரு மீட்டர். நம்ம கால்வாய் அதுல பாணதீர்த்தம் அருவி மாதிரிப் பாயுது. ஒங்க அத்தை பாத்துட்டு, இதுல யாரு குளிப்பான்னு பயந்துட்டா. அளவை இழுத்தா படத்துல உள்ள கோணம் பொய் சொல்லும். அச்சுல எழுதிருக்குத எண்ணை எடுத்து வகுத்தா சரிவு நெசத்தைச் சொல்லிரும். மேற்க எடப்பக்கம் வச்சுப் போட்டா அந்த எண்ணுக்கு முன்னால மைனஸ் வரும், அதுக்கும் மெரளாத. எறங்குதுன்னு அர்த்தம்.

கிலோமீட்டருக்குக் கால் மீட்டர்னு சொன்னேன்லா? அது ஏறக்குறைய ஒரு சாண்தான். மேல்மடைக்காரன் ராவோட ராவா ரெண்டு மணல் சாக்கைக் குறுக்கப் போட்டு ஒரு சாண் மட்டத்தை ஒசத்துனான்னா, ஒரு கிலோமீட்டர் வாட்டத்தையே முழுங்கிட்டான். அவன் மடை நெறையும், கடைமடையில நம்ம நாத்து கருகும். பிசானத்துக்குத் தண்ணி விட்டு எட்டு நாளாச்சு, நமக்கு இன்னும் வரம்பு நனையல. காலையில அந்தக் கருவியோட வா. எங்க எவன் சாக்குப் போட்டிருக்கான்னு நீ கண்ணாடி வழியாப் பாத்துச் சொல்லு. ஏசுத வேலையை நான் பாத்துக்கிடுதேன்.