காக்டெய்ல்காரர்

"உங்க கிளி பேசுமா சார்?" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். முகம் சிவந்துவிடும். "கிளியா? பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நான் கூண்டுக்குள் போகணும். இது காக்டெய்ல் சார். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காக்கட்டூ குடும்பத்திலேயே கடைக்குட்டி" என்று ஆரம்பிப்பார். காபி ஆறிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். பெற்ற பிள்ளை எத்தனையாவது படிக்கிறான் என்பதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அவர்தான் இன்று நூறு கிராம் தேறுமா என்றிருக்கும் ஒரு ஜீவனைக் காலைதோறும் தராசில் நிறுத்து, நோட்டில் குறித்து வைக்கிறார்.

சாப்பாட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தினை, சாமை உண்டு. முருங்கைக்கீரை, துருவிய கேரட் உண்டு. சூரியகாந்தி விதை கொழுப்பு, அதனால் எண்ணி நாலு. பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் பறவைக்கு விஷம், வாசற்படி தாண்டக்கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. சர்க்கரை இருக்கிறது, தினை சாப்பிடுங்கள் என்று இவரிடம் சொன்ன டாக்டரைத்தான் மாற்றிவிட்டார்.

நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும் என்று தெரிந்த அன்றே அத்தனை தவாவும் பரணுக்குப் போயின. உண்மையான ஆபத்துதான், நியாயம் அவர் பக்கம். இரும்புக்கல்லில் ஒட்டிய தோசையைச் சுரண்டுவது மனைவி பக்கம்.

இரவு எட்டானால் கூண்டின்மேல் துணி. கும்மிருட்டில் சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும் என்பதால் ஓரமாக ஒரு விடிவிளக்கு. டிவிக்குச் சத்தம் கிடையாது. அந்த அம்மாள் சீரியலை உதட்டசைவிலேயே பார்க்கப் பழகிவிட்டார்.

விசிலிலேயே ஒரு பக்திப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் மன்றாடுகிறார். அது கொண்டையை நிமிர்த்திக்கொண்டு கேட்கும். கற்றுக்கொண்டது என்னவோ குக்கர் விசிலை. மூன்று விசில் ஆயிற்றென்று அடுப்பை அணைத்து, அரிசியாகவே இறங்கிய சாதம் பலமுறை. அதிலும் அவருக்குப் பெருமை: "ஆண் பறவைதான் சார் இப்படி! பெட்டை அவ்வளவாகச் சத்தம் போடாது." அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரம் பதில் சொல்கிறது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷம்கூட வாழும் என்கிறார். அவருக்கே எழுபது நெருங்குகிறது. பிறகு யார் பார்ப்பார்கள் என்றால், அடுக்களைப் பக்கம் கை காட்டுகிறார்.

இப்போது காலிங் பெல்லையும் கற்றுக்கொண்டுவிட்டதாகக் கேள்வி. அங்கே போகிறவர்கள் மணியை அழுத்திவிட்டு நிற்க வேண்டாம். யாரும் வந்து திறக்கமாட்டார்கள். போன் செய்துவிட்டுப் போங்கள், எட்டு மணிக்குள்.