பத்து நாள் தாமதம்

2009-ல் பிளஸ் டூ முடித்தேன். கணக்கில் 199, இயற்பியலில் 194, வேதியியலில் 196. கணக்கை நூற்றுக்கும் மற்ற இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் 197. அந்தக் கோடையில் எங்கள் கோவில்பட்டித் தெருவில் இந்தக் கூட்டலைப் போடாத ஆள் கிடையாது. மளிகைக்கடை அண்ணாச்சி பருப்பு மடிக்கும் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "197-க்கு அங்க ஈசிஇ கெடைச்சிரும்ல" என்று அங்கேயே சீட்டைக் கொடுத்துவிட்டார்.

"அங்க" என்றால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பிளஸ் டூ பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு "அங்க" இருந்தது.

ஐ.ஐ.டி. கணக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஜே.இ.இ. எழுதியதில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது 2018-ல்தான். அப்போதெல்லாம் நேரில் சென்னைக்குப் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் கூட வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். ஏமாந்து திரும்பப் போகிறவனுக்கும் அதே சலுகை.

அரங்கில் பெரிய திரை. கல்லூரி, பாடப்பிரிவு, காலியிடம். கிரிக்கெட்டில் எண் ஏறும். இங்கே இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த கட்டத்தில் 3. அப்பா மஞ்சப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். உள்ளே மார்க் ஷீட்டும் அண்ணாச்சி கொடுத்தனுப்பிய கடலைமிட்டாயும். 2 ஆனது. 1 ஆனது. எங்கள் முறைக்கு முன்னால் இன்னும் சில பேர் இருக்கையில் 0. அப்பா ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உனக்கு இடமில்லை" என்று யாரும் சொல்லவில்லை, கடிதமும் வரவில்லை. அதுதான் உறுத்தியது. மேசைக்குப் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் உட்கார்ந்து என்னைத் தள்ளியிருந்தால் அவரையாவது ஊர் வரும்வரை திட்டியிருப்பேன். திரையில் விழுந்த பூஜ்யத்தை எப்படித் திட்டுவது?

அன்றைக்கே வேறொரு கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். விழுப்புரம் தாண்டியதும் அப்பா அப்போதைய விதிகளை விளக்கினார். கட்-ஆஃப் சமமானால் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். பிறகு இயற்பியல், பிறகு நாலாவது பாடம். அதுவும் சமமென்றால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003-லேயே தடை செய்துவிட்டார்கள். ரேண்டம் எண்ணை மட்டும் விட்டுவிட்டார்கள்.

என் மண்டையில் "வயதில் மூத்தவர்" மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் தாமதமாகப் பிறந்தவன். 197 எடுத்தவர்களில் என்னைவிட ஒரு வாரம் மூத்த எவனோதான் அந்தக் கடைசி இடத்தைக் கொண்டுபோனான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆதாரம் கிடையாது. துக்கப்படுகிறவனிடம் ஆதாரம் கேட்கக் கூடாது.

இப்போது யோசித்தால், அது ரேஷன் கடை வரிசை மாதிரிதான். எனக்கு முன்னால் சீனி தீர்ந்துவிட்டது. கடைக்காரருக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. ஆனால் பதினேழு வயதில் இப்படியெல்லாம் தோன்றாது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டேன்:

"ஏம்மா, பத்து நாள் முன்னாடியே என்னைப் பெத்திருக்கக் கூடாதா?"

அம்மா தோசைக்கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"நானா பிடிச்சு வச்சிருந்தேன்? டாக்டரம்மா சொன்ன தேதிக்கு நான் வெந்நி பிளாஸ்க்கோட ஆஸ்பத்திரியில போயி உக்காந்துட்டேன். நீதான்ல வரல."

இந்த ஆண்டு கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, யாரை வேண்டுமானாலும் நொந்துகொள்ளுங்கள். அம்மாவிடம் மட்டும் பிறந்த தேதியைப் பற்றிப் பேசாதீர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் சட்னி இல்லாத தோசை.