சுருளுக்குக் கூலி

புதுப்பேட்டைப் பட்டறையில் நான் கையாளாக இருந்த காலத்தில், அம்பாசிடரின் பெட்ரோல் லைனுக்கு எந்தக் குழாய் நல்லது என்று யாரும் கேட்டதில்லை. காப்பர்தான். கம்பெனி போட்டு அனுப்பிய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஒழுகும்வரை பொறுத்திருந்து, அந்த இடத்தில் பளபளவென்று காப்பரைப் பூட்டி, "இனிமே கவலையே இல்ல சார்" என்போம். காப்பர் கைக்கு வளையும். வளைப்பவனுக்குக் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கித் தரும். வண்டிக்கு என்ன நன்மை என்ற கேள்வி வரிசையில் எங்கோ பின்னால் நின்றது.

வளைப்பது வித்தைதான், அதை மறுக்கமாட்டேன். பின்னாலிருக்கும் டேங்க் முதல் எஞ்சின் பக்கத்துப் பம்ப் வரை வெல்டிங் கம்பியை வளைத்து முதலில் அச்சு எடுப்போம். பிறகு 5/16 அங்குலக் குழாயைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் முக்குவார் எங்கள் மேஸ்திரி பாய். எஃகு என்றால் விறைத்துப்போகும்; காப்பர் இளகிக் கொடுக்கும். காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு முனையிலும் தக்கை அடித்து வளைத்தால் வளைவு நசுங்காது. அப்புறம் அந்த மணலை ஊதி ஊதி வெளியேற்றுவது கையாள் வேலை. நாலு மணல் உள்ளே தங்கி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்தால், பழி பெட்ரோல் பங்கின் மேல் போகும்.

பம்புக்குப் பக்கத்தில் குழாயை ஒரு சுருள் சுற்றி விடுவோம். ஓயாத அதிர்வில் காப்பர் மெல்ல இறுகி, ஃபிளேர் அடித்த கழுத்தில் கீறல் விடும். சுருள் அந்த நாளைத் தள்ளிப்போடும். தள்ளிப்போட்ட நாள் வந்ததும் அதே சார் வருவார். எங்களிடம் வேறு காப்பர் இருக்கும்.

இப்போது வண்டிகளில் வளைக்க எதுவுமில்லை. கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தம் போதும்; இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று பாருக்கு மேல் வேண்டும். நைலான் குழாய் வளைவோடேயே வருகிறது, 'டிக்'கென்று பூட்டிக்கொள்கிறது. பார்ட் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் இன்றைய கைத்திறன். வெறும் காப்பர் பட்டால் பெட்ரோல் சீக்கிரம் பிசின் கட்டும் என்று சின்னப் பையன்கள் போனில் பார்த்து எனக்குச் சொல்கிறார்கள். உண்மைதான்; அந்தப் பிசினைச் சுரண்டியும் நாங்கள் சம்பாதித்தோம்.

2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றதும் அதற்கு மரியாதை கூடிவிட்டது. போன மாதம் ஒரு இளைஞர் தாத்தாவின் வண்டியைக் கொண்டுவந்தார். எல்லாம் 'ஒரிஜினலாக' இருக்க வேண்டுமாம். அப்படியானால் இரும்புக் குழாய் என்றேன். முகம் சுருங்கியது. பத்து சதவீதம் நிக்கல் கலந்த குனிஃபர் இருக்கிறது தம்பி, கையாலேயே வளையும், துருப்பிடிக்காது, காப்பர் மாதிரி சீக்கிரம் கீறாது என்றேன். கேட்கவில்லை. பழைய போட்டோவைக் காட்டினார்: பானட் திறந்திருக்க, பம்புக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு சுருள்.

"இதேதான் சார் வேணும்."

அந்த நாளில் குழாய்க்குக் காசு கொடுத்தார்கள். சுருளுக்குப் பாய் கேட்டால் டீயோடு சரி. இவரிடம் சுருளுக்கென்று தனியாக ஒரு தொகை சொன்னேன். பேரம் பேசவில்லை. பில்லில் 'ஹெரிடேஜ் ஒர்க்' என்று எழுதச் சொன்னார்.