இரண்டாம் அழுத்தம்: பிளாக்டவுன் வட்டாரத்தை முன்வைத்து நிலையறிவிப்புகள் குறித்த ஓர் ஆய்வு

மனிதன் ஒரு பொத்தானை முதல் தடவை அழுத்துவது தேவை கருதி. இரண்டாம் தடவை அழுத்துவது ஐயம் கருதி. முதல் அழுத்தத்தைப் பற்றிப் பேசாத கணினி நூல் இல்லை. இரண்டாவதைப் பற்றித் தமிழில் ஓர் ஆய்வேடும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. ஆகவே இக்கட்டுரை.

ஆய்வுப்பொருள் எளியது. வெப் அப்ளிகேஷனில் ஏதாவது ஒரு படிவத்தை அனுப்பியதும் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையிலோ, 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று சிவப்பிலோ தலைகாட்டுகிறதே ஒரு பட்டை, அந்த நிலையறிவிப்பு எதற்காகத் தோன்றியது? செய்தி சொல்ல என்பர் ஒரு சாரார். இரண்டாம் அழுத்தத்தைத் தடுக்க என்பதே நம் கருதுகோள்.

களம், சிட்னிக்கு மேற்கே உள்ள பிளாக்டவுன். (சென்னையின் பழைய பிளாக் டவுனோடு மயங்கற்க, அது ஜார்ஜ் டவுன் ஆகி நூறாண்டு கடந்துவிட்டது.) துங்காபி, கிராவீன், பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் என்று இதையடுத்துப் பரவியிருக்கும் தமிழர்களில் கணினிக்காரர் தொகை கணிசம். காலையில் டி1 ரயிலேறி நகரத்துக்குப் போய், பகலெல்லாம் பிறருக்காக நிலையறிவிப்பு எழுதி, மாலையில் பிளாட்பாரத்தில் நின்று வேறு யாரோ எழுதிய நிலையறிவிப்பை அண்ணாந்து பார்ப்பவர்கள். எழுதுகிறவரும் எரிச்சலடைகிறவரும் ஒரே ஆளாக அமைவது ஆய்வாளனுக்கு வாய்க்கும் பேறு.

முதல் சான்று கணினிக்கு வெளியே, ஃபிளஷ்கோம் ரோட்டின் நடைபாதையில் இருக்கிறது. சாலை கடக்க அழுத்தும் அந்த வட்டப் பொத்தானுக்கு பிபி/5 என்று பெயர். 1980-களில் ஒலிப் பொறியாளர் லூயிஸ் சாலிஸும் நீல்சன் டிசைன் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிட்னிச் சரக்கு. காத்திருக்கும் நேரத்தில் மெதுவாக 'டக்... டக்...' என்னும்; கடக்கலாம் என்றானதும் படபடவென்று அடிக்கும். கண் தெரியாதவர் கேட்கலாம். காதும் கேளாதவர் கை வைத்து அதிர்வை உணரலாம். சிட்னிக்கு வந்த பாடகி பில்லி ஐலிஷ் இந்த ஓசையைப் பதிவு செய்துகொண்டு போய், 2019-இல் வெளியான 'பேட் கை' பாடலில் சேர்த்தார். உலகமே தலையாட்டிய நிலையறிவிப்பு வேறு உண்டா?

ஆனாலும் அதில் ஒரு நுட்பமான குறை. அந்த மெதுவான தட்டல், பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுபோலவே கேட்டுக்கொண்டிருக்கும். அது சொல்வது 'இங்கே இருக்கிறேன்' என்பதை. 'நீ சொன்னது காதில் விழுந்தது' என்பதை அன்று. எனவே வருகிறவர் அழுத்துகிறார். பிறகு ஐயுற்று அழுத்துகிறார். அடுத்து வருகிறவர், முன்னவர் அழுத்தியதைக் கண்ணால் கண்டும், தம் விரலையே நம்பி மறுபடி அழுத்துகிறார். பள்ளிக்கூடப் பையன்கள் பதினைந்து தடவை அழுத்துவது கணக்கில் சேராது. அது விளையாட்டு இயலின்பாற்படும்.

இனிக் கணினி. ஹெச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளையும் முன்பின் அறியாதவர் அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ளும். 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டூலி குக்கியைக் கொண்டுவந்த பிறகுதான் சர்வருக்கு ஆள் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. ஆள் தெரிந்தும் ஐயம் தீரவில்லை. பணம் கட்டிய பக்கத்தில் ஒருவர் ரீஃப்ரெஷ் தட்டினால், பிரவுசர் அதே படிவத்தை மறுபடியும் அனுப்பப் பார்க்கும். பெண்டில் ஹில்லில் வசிக்கும் நம் தகவலாளி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஏதோ ஒரு தளத்தில் கட்டணம் கட்டிவிட்டு இவ்வாய்வாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டது இது: "தம்பி, காசு போயிட்டுதோ போகேல்லையோ எண்டு ஒண்டும் தெரியேல்ல. இன்னொருக்கா அமத்திப் பாக்கட்டே?" அவர் கேட்டது அனுமதியில்லை, தகவல். அதற்குள் அமத்திவிட்டிருந்தார்.

இதற்குக் கண்ட மருந்து, படிவத்தை வாங்கிக்கொண்டதும் பதில் பக்கத்தைத் தராமல், 'அதோ அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று 303 என்னும் எண்ணைக் கொடுத்துத் திருப்பிவிடுவது. போன இடத்தில் எத்தனை முறை ரீஃப்ரெஷ் தட்டினாலும் பணம் மறுபடி போகாது. ஆனால் ஒரு பக்கவிளைவு: 'பணம் வந்து சேர்ந்தது' என்று சொல்ல வேண்டிய வாய் ஒரு பக்கத்திலும் கேட்க வேண்டிய காது இன்னொரு பக்கத்திலுமாகிவிட்டது. இந்த இடைவெளியில் பிறந்ததுதான் 'ஃபிளாஷ்'. 2004-இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வெப் சட்டகம் இதைப் புகழ்பெறச் செய்தது. பைத்தானின் ஃபிளாஸ்க் அதே பெயரைத் தானும் வைத்துக்கொண்டது. செய்தியைச் செஷனில் பத்திரப்படுத்தி, அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு தடவை காட்டி, உடனே துடைத்துவிடும். இரண்டு டேப்களைத் திறந்து வைத்திருப்பவருக்கு அது சில சமயம் தவறான டேபில் போய் விழுவதும் உண்டு. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியனுப்பிய சேதி எதிர்வீட்டில் இறங்கினாற்போல.

பைத்தானின் இன்னொரு சட்டகமான ஜாங்கோவில் 2010 முதல் செய்திகளுக்குத் தர எண்ணும் உண்டு. தகவலுக்கு 20, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40. இந்த எண்கள் பைத்தானின் பதிவேட்டு (லாகிங்) முறையிலிருந்து வந்தவை. வெற்றிக்கு மட்டும் 25. மூலத்தில் வெற்றி என்றொரு தரமே இல்லை. பிற்காலத்தார் இடையில் நுழைத்தது. பதிப்பாசிரியர் கண்ணுக்கு இது தெளிவான இடைச்செருகல். பொறியாளர்கள் முதலில் தோல்வியை மட்டுமே எழுதி வைக்கத் தக்கதாகக் கருதினர் என்பதும், 'நடந்தது' என்று சொல்லாவிட்டால் மக்கள் மறுபடி அழுத்துவர் என்பது பட்ட பின்பே 25 பிறந்தது என்பதும் இவ்வாய்வாளர் துணிபு.

நிற்க. அறிவிப்புகளை வகைப்படுத்தப் பச்சை, சிவப்பு, மஞ்சள் போதும் என்று மேலைநாட்டார் நினைக்கின்றனர். போதாது. பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்வன் இறை, அதாவது நேரான பதில். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் சுற்றி வளைத்துப் பதிலாகக் கொள்ளத்தக்கவை. எட்டுக்கும் சான்று ஒரே நாள் கணினி வேலையில் கிடைத்துவிடுகிறது. 'சேமித்தாயிற்று' என்பது நேர். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்பது மறை. சிவப்பு வட்டமிட்டு 'இங்கே பார்க்க' என்பது சுட்டு. இவற்றில் சிக்கல் இல்லை.

சுவை பின்னைந்தில்தான். 'முடிந்ததா?' என்று கேட்டால் 'சிறிது நேரம் கழித்து முயலவும்' என்பது ஏவல். வேலையைக் கேட்டவர் தலையிலேயே கட்டுவது. 'நீக்கு' என்று அழுத்தினால் 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்பது வினா எதிர் வினாதல். இரண்டாம் அழுத்தத்தை நிரலாளரே கேட்டு வாங்கும் அபூர்வ இடம். 'இன்னும் இரண்டு நிமிடத்தில் நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள்' என்பது உறுவது கூறல். சேமிக்கச் சொன்னால் 'குக்கிகளை ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்பது இனமொழி என்று கொள்ளலாம், இனத்துக்கு அவமதிப்பு ஆகாதென்றால். எல்லாவற்றிலும் உயர்ந்தது உற்றது உரைத்தல். 'செய்வாயா?' என்றதற்கு 'உடம்பு நொந்தது' என்று பதில் சொல்வது உரையாசிரியர் காட்டும் வகை. 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்னும் உலகப்புகழ் அறிவிப்பு அதன் நேர் வழித்தோன்றல். என்ன தவறு, யார் தவறு, பணம் போயிற்றா என்பதெல்லாம் கேட்கப்படாது. உடம்பு நொந்தது, அவ்வளவுதான்.

இவ்வகை விடை அமைச்சர் வாயிலும் வரும். 2020 மார்ச் 23-ஆம் நாள், கொரோனாவால் கடைகள் மூடப்பட்டு வேலை போனவர்கள் உதவித்தொகைக்காக ஆஸ்திரேலிய அரசின் 'மைகவ்' தளத்தை மொய்த்தார்கள், தளம் முடங்கியது. உதவித்தொகை வழங்கும் சென்டர்லிங்க் அலுவலக வாசல்களில் வரிசை தெருவைச் சுற்றியது. தளத்தின் மீது தாக்குதல் நடந்தது என்றார் அமைச்சர் ஸ்டூவர்ட் ராபர்ட். அன்றே நாடாளுமன்றத்தில் பேச்சு மாறியது: தாக்குதல் இல்லை, ஒரே நேரத்தில் 55,000 பேர் என்று வைத்திருந்த வரம்பைத் தாண்டி ஏறக்குறைய 95,000 பேர் நுழைய முயன்றதால் எச்சரிக்கை மணி அடித்ததாம். மணியை நாம் குறை சொல்லக் கூடாது. பதில் வராத பயனர் விடாமல் பொத்தானை அழுத்துவதும், பகைவன் விடாமல் தாக்குவதும் சர்வரின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்றுதான். பெருந்திரளான இரண்டாம் அழுத்தம் போர் போலத் தோன்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கண்ணால் காண முடியாதவருக்குப் பச்சைப் பட்டை என்ன சொல்லும்? இந்தக் கேள்வியிலும் சிட்னி முன்னோடி. 2000 ஒலிம்பிக்கின் இணையதளத்தைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று பார்வையற்றவரான புரூஸ் மகுவயர் முறையிட்டார். போட்டி அட்டவணையும் முடிவுகளும் அவருக்குக் கிட்டவில்லை. சாஃப்ட்பால் ஆட்டங்கள் நடந்தது பிளாக்டவுனில். அதில் வென்றது யாரென்று அத்தளம் அவரிடம் சொல்லாது. மனித உரிமை ஆணையம் அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நவம்பரில் 20,000 டாலர் இழப்பீடு விதித்தது. நிலையறிவிப்புக்கென்றே தனி விதி வர 2018 ஜூன் ஆயிற்று. இணைய அணுகல் நெறிகளான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1-இன் 4.1.3-ஆம் கூறு, கர்சர் எங்கே இருந்தாலும் அறிவிப்பு, திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு எட்ட வேண்டும் என்கிறது. எட்டும் விதம் இரண்டு: படித்துக்கொண்டிருப்பதை முடிக்கவிட்டுப் பணிவாகச் சொல்வது ஒன்று, இடைமறித்து அடித்துச் சொல்வது மற்றொன்று. இடைமறிப்பது அவசரத்துக்கு மட்டும் என்பது அறிவுரை. தள்ளுபடி விற்பனையை அடித்துச் சொல்லும் தளங்களை எழுதியவர்களை டி1 ரயிலிலேயே பிடித்து விசாரிக்கலாம்.

இடைமறிப்பு வகைக்குச் செம்மையான சான்று மேற்குச் சிட்னியில் தமிழர் கூடும் அரங்குகளில் கிடைக்கிறது. அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கும். வர்ணம் உச்சத்தில் இருக்கும்போது மைக் இருமும். "வெள்ளை நிற டொயோட்டா கேம்ரி வைத்திருப்பவர், வழியை அடைத்து நிற்கும் உங்கள் வண்டியைத் தயவுசெய்து எடுக்கவும்." அவசரம் மெய், சொன்ன நேரம் சரி, முகவரிதான் இல்லை. அவையில் கால்வாசி ஆண்கள் எழுந்து சாவியைத் தடவிக்கொண்டு வெளியே போவார்கள். வண்டி எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே இவ்வாய்வு அமைப்பாளர்களுக்குத் தரும் ஒரே பரிந்துரை. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் அறிவிப்பு ஓயவில்லையென்றால், வண்டி பெரும்பாலும் அறிவிப்பாளருடையது.