சர்வசம்மதமும் டிரில் பிட்டும்

அங்கத்தினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஜீவிக்கும் பொதுப் பட்டறைகளுள், சான் பிரான்சிஸ்கோவில் 2007-இல் தோன்றிய நாய்ஸ்பிரிட்ஜ் முதலியன, சர்வசம்மதமின்றித் தீர்மானமில்லை என்னும் உத்தமக் கொள்கை உடையவை. ஓர் அங்கத்தினர் ஆட்சேபித்தாலும் பிரேரணை படுத்துவிடும். இத்தகைய சபையில் லேசர் வெட்டும் யந்திரம் வாங்குவதென்றால், அதன் சூட்சுமம் அறிந்தவர் இருவரே ஆதலால், ஏனையோர் ஞானிகளைப்போல் மௌனம் சாதித்து உடனே அனுமதித்துவிடுவர். டிரில் பிட் ஒரு பெட்டி என்றாலோ, மலிவானதா, கோபால்ட் கலந்ததா, பழையதை முறித்த புண்ணியவான் யார் என்று நள்ளிரவுவரை தர்க்கம் நிகழும். சுவரில் துளையிட்டறியாத மனிதர் உண்டா? பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர், கோடி பவுன் அணு உலையை நொடியில் அனுமதித்துவிட்டு 350 பவுன் சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் வாதாடும் சபையைக் காட்டி 1957-இலேயே இதைப் பரிகசித்தார். இவர்களோ அதை நிரூபிக்க மாதச் சந்தா வேறு செலுத்துகிறார்கள். சந்தாவில் பெரும்பங்கை விழுங்கும் வாடகைக்கு மட்டும் விவாதமே இல்லை. கட்டிடச் சொந்தக்காரர் சர்வசம்மதத்துக்குக் காத்திருக்கும் பிரகிருதி அல்லவே.