யானையை விடாத சட்டம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தலைக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரில் இலங்கையர் ஒரு லினக்ஸ் இயங்குதளமே செய்தார்கள். அதற்கு அடித்தளம் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ். அந்த ஃபெடோராவைக் கண்டியில் ஒரு வீட்டுக் கணினியில் போட்டு, கைபேசியில் எடுத்த பெரஹரா யானை ஊர்வலக் காணொளியைத் திறந்தால் முரசுச் சத்தம் வரும், யானை வராமல் போகலாம்.

இது கோளாறல்ல, கொள்கை. யானை உட்கார்ந்திருப்பது எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில். அதற்குக் காப்புரிமை உண்டு. ஃபெடோராவுக்குப் படியளக்கும் ரெட் ஹாட்டோ அமெரிக்க நிறுவனம்; அங்கத்திய காப்புரிமை வழக்குக்குப் பயம். எம்பி3 பாட்டையே 2016 வரை தொடாத பயம் அது. உள்ளே தருவது காப்புரிமைச் சிக்கல்களை வெட்டிய 'எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ' என்ற காணொளிக் கருவி. பெயரிலேயே சுதந்திரம் இருக்கிறது, படம்தான் இல்லை.

வேண்டுமானால் ஆர்பிஎம் ஃபியூஷன் இருக்கிறது. லிவ்னா உட்பட மூன்று மென்பொருள் களஞ்சியங்கள் 2008இல் கூடித் திறந்த வெளிக்கடை. பெரிய கடை முதலாளி "எங்களிடம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கண்ணால் காட்டும் அடுத்த ஒழுங்கை மாதிரி. இரண்டு மூன்று கட்டளை, ஒரு கடவுச்சொல், கொஞ்சம் டேட்டா.

அதுவரை திரைமுன் காத்திருக்கும் பாட்டி கேட்பார்: "ஏன் மகன், நம்ம யானைய அமெரிக்காக்காரன் எப்ப விடுவான்?"